யாரிடம் சொல்வது? ஆபாசப் பழக்கத்தை விட நினைக்கும் விசுவாசிக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தேவகோட்டைப் பக்கம் இளையோர் கூட்டங்களில் பேசப் போவதுண்டு. கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றுகொண்டே இருப்பார். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்து, “அண்ணே, ஒரு விஷயம்” என்று தொடங்குவார். அது என்ன விஷயம் என்று இப்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

பாவமா இல்லையா என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்கிற மத்தேயு 5:28 அவர்களுக்கு மனப்பாடம். “ஃபாதர்கிட்ட சொல்றதா, ஃப்ரெண்டுகிட்ட சொல்றதா, டாக்டரைப் பாக்கணுமா, போனை மாத்தினா போதுமா?” என்பதுதான் கேள்வி. எதை முதலில் செய்வது என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிப்போகின்றன. நான் கத்தோலிக்கன், மனைவி வீட்டார் சபைக்காரர்கள், அதாவது பாஸ்டர் நடத்தும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டு பக்கத்துப் பழக்கமும் ஓரளவு தெரியும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்

எந்த வழியையும் நான்கு கேள்விகளில் வைத்துப் பார்க்கலாம்.

சொன்னது வெளியே போகுமா? சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய கேள்வியாக இருக்காது. காரைக்குடியில் காலையில் வாய்விட்டது மத்தியானச் சாப்பாட்டுக்குள் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். பெண் பார்க்கும் வயதில் இருப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

ராத்திரி பதினொரு மணிக்குக் கைக்கு எட்டுமா? இந்தச் சோதனை ஞாயிறு காலைப் பூசையில் வருவதில்லை.

விழுந்த மறுநாள் அது என்ன செய்யச் சொல்கிறது? முப்பது நாள் தாண்டி ஒருவன் விழுகிறான் என்று வையுங்கள். “எல்லாம் போச்சு” என்று அன்றைக்கே இன்னும் நாலு தடவை பார்க்கவைக்கிற வழியும் உண்டு, முகத்தைக் கழுவி வேலைக்குக் கிளம்பவைக்கிற வழியும் உண்டு.

என்ன செலவு? இதில் ரூபாய்க் கணக்கு மிகச் சிறியது. மானம், நேரம், வீட்டாரின் நம்பிக்கை, இவைதான் பெரிய தொகை.

## வழி 1: தனியாக, ஜெபத்தோடு

எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். பலர் பத்து வருஷம் இங்கேயே நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்ற நோன்பு, ஐம்பத்தோராம் சங்கீதம், “இனிமேல் தொடமாட்டேன்” என்று ஒரு பொருத்தனை, மாலை போட்டு வேளாங்கண்ணிக்கு நடை. இரகசியம் முழுக்க முழுக்கப் பத்திரம். காசும் செலவில்லை. அதனால்தான் இது இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கும் தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், அப்படி ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ எப்போதாவது வருவார்கள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆனால் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு பல்பு, கையில் போன், அதில் தினம் ஒன்றரை ஜிபி. “நான் ஜெபம் பண்ணாம இல்லண்ணே. ஜெபமாலை சொல்லிட்டுத்தான் போனை எடுக்கிறேன்” என்றான். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை படைப்புக்காக வீடு ஐந்து நாள் நிறைந்திருந்தது. அந்த ஐந்து நாளும் அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. பொருத்தனை எதுவும் செய்யவில்லை. பாத்திரம் இறக்கவும் இலை போடவும் தண்ணீர் தூக்கவுமே நேரம் சரியாகப் போனது. அப்புறம் கடைசிக் கார் கிளம்பியது. அன்று ராத்திரியே பழைய கதை.

மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வீடு இதுதான். அசுத்த ஆவி போய்விட்டது. வீடு பெருக்கி, அலங்கரித்து, காலியாகக் கிடக்கிறது. திரும்பி வரும் ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டி வருகிறது. செட்டிநாட்டுக்காரனுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் துடைப்பம் போதாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெபம் வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜெபம் இல்லாமல் கீழே வரும் நான்கு வழிகளும் வெறும் ஏற்பாடுகள். ஆனால் தனியாகச் செய்யும் ஜெபம் மட்டும் என்றால் அதில் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது: ஒவ்வொரு தோல்வியும் “என் விசுவாசமே பொய்” என்ற கணக்கில் ஏறும். நாள் எண்ணுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். 41ஆம் நாள் விழுந்தால் நாற்பது நாளும் வீண் என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும்.

பழக்கம் புதிது, எப்போதாவது ஒரு தடவை, வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம் என்று இருப்பவருக்கு இந்த வழி போதும். ஆறு மாதம் முயன்றும் அசையவில்லை என்றால், ஏழாவது மாதமும் இதையே செய்வதில் பலன் இல்லை.

## வழி 2: பாவசங்கீர்த்தனம், அல்லது பாஸ்டரிடம் அறிக்கை

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரகசியம் என்ற கேள்வியில் மட்டும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற ‘முத்திரை’ கத்தோலிக்கக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம். கேட்டதை நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே அவர் சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். கேட்டதை வைத்து உங்களை வேறுவிதமாக நடத்தவும் அவருக்கு அனுமதியில்லை. அப்படியும் உள்ளூர்ப் பங்குச் சாமியாரின் முகத்தைத் திங்கட்கிழமை எப்படிப் பார்ப்பது என்று கூசுகிறதா? ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர்த் திருத்தலத்துக்குப் போங்கள். வரிசையில் நின்று, உங்களைத் தெரியாத குருவிடம் சொல்லிவிட்டு வரலாம். ஓரியூர் இந்த விஷயத்துக்குப் பொருத்தமான இடமும்கூட. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியக் குரு) அங்கே தலை வெட்டப்பட்டதற்குத் தொடக்கம் ஒரு மனமாற்றம்தான். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் கிறிஸ்தவராகி, ஒரே மனைவியோடு வாழ்வது என்று முடிவெடுத்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் இரத்தம் சிந்திய இடம் என்று ஓரியூர்ச் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருகிறோம். அந்தக் கதையைத்தான் மறந்துவிடுகிறோம்.

மறுநாள் கேள்விக்கும் இந்த வழியில் நல்ல பதில் இருக்கிறது. விழுந்தாயா, வா, மறுபடியும் சொல், எழுந்து போ. ஊறிப்போன பழக்கத்தின் பலம் ஒருவருடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கலாம் என்று கத்தோலிக்கப் போதனை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. இதைக் கேட்டதும் சில தம்பிகளுக்குக் கண் கலங்கிவிடும். யாரும் அவர்களிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குறை எங்கே என்றால், பதினொரு மணியில். பாவசங்கீர்த்தனக் கூண்டு பூட்டிக் கிடக்கும். இன்னொன்று, ஓரியூர் வசதியே ஒரு பொறியாகவும் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சாமியாரிடம் போனால் ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவைதான். மன்னிப்புக் கிடைக்கும், ஆனால் உங்கள் கதை யாருக்கும் தெரியாது. முதல் தடவை தெரியாதவரிடம் சொல்லுங்கள்; அப்புறம் ஒரே குருவாகப் பார்த்து நிலையாகப் போங்கள்.

சபைக்காரர்களுக்கு வருவோம். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நல்ல பாஸ்டர் என்றால் குருவிடம் கிடைக்காத ஒன்று இவரிடம் கிடைக்கும்: போன் நம்பர். பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டால் எடுத்து ஜெபிப்பார். ஆனால் அவரைக் கட்டுப்படுத்த அந்த முத்திரைச் சட்டம் இல்லை. அவருடைய குணம்தான் காவல். மனைவி வீட்டாரின் ஊரில் நாற்பது குடும்பம் உள்ள ஒரு சிறிய சபையில் நான் உட்கார்ந்திருந்தபோது, பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் “நம்ம சபையிலேயே ஒரு வாலிபன் போன வாரம் எங்கிட்ட வந்து அழுதான்” என்று தொடங்கினார். பெயர் வரவில்லை. தேவையும் இல்லை. கடைசி வரிசையில் ஒரு காது சிவந்ததை நானே பார்த்தேன். அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவதில்லை.

ஆகவே பாஸ்டரிடம் போகும் முன் ஒரு சின்னச் சோதனை: அவர் மற்றவர்களின் கதையைப் பெயர் சொல்லாமல் மேடையில் சொல்கிறவரா? ஆம் என்றால் உங்கள் கதையும் ஒரு நாள் ஏறும்.

விடுதலை ஜெபக் கூட்டங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தலையில் கைவைத்து இச்சையின் ஆவியைத் துரத்துவது. சிலருக்கு அங்கே உண்மையாகவே மனம் உடைந்து ஒரு தொடக்கம் கிடைத்திருக்கிறது, கேலி பேசமாட்டேன். ஆனால் அது ஒரு ராத்திரிச் சமாசாரம். மறு வாரம் விழுந்தவனிடம் “உனக்கு விசுவாசம் பத்தலை” என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். என் மூன்றாவது கேள்வியில் இந்த வழி தோற்றுப்போகிறது.

## வழி 3: ஒரே ஒரு நண்பன்

எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

வாரத்தில் ஒரு நாள் பார்ப்பது, நேராகக் கேட்பது, நேராகச் சொல்வது. நடுராத்திரியில் கூப்பிடலாம் என்ற அனுமதி. அவ்வளவுதான் ஏற்பாடு. குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் காட்டிய பாதையிலும் இது இருக்கிறது: அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் *இன்னொரு மனிதரிடமும்* ஒப்புக்கொள்வது. அந்த மூன்றாவது ஆளை விட்டுவிட்டுத்தான் நம்மில் பலர் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? முதலில் யார் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பங்காளி கூடாது. பாகப்பிரிவினை பாக்கி இருக்கும் குடும்பத்தில் இதைப்போல ஓர் ஆயுதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். மைத்துனன் கூடவே கூடாது. கேட்டதும் சிரித்துவிட்டு, “போடா மாப்ளே, நானும்தான் பாக்கிறேன்” என்பவனும் உதவமாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து விழுவதற்கு நண்பன் எதற்கு? உங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், உங்கள் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர், தான் தோற்ற கதை ஒன்றை உங்களிடம் ஏற்கெனவே சொன்னவர். கடைசித் தகுதிதான் முக்கியம். தோல்வியே இல்லாத ஆளிடம் நம் வாய் திறக்காது.

ஆண்களுக்கு ஆண்தான். பெண்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள் என்பதை நம் பங்குகளில் யாரும் பேசுவதேயில்லை. அதனாலேயே அவர்கள் தனிமை இரண்டு மடங்கு. ஒரு பெண் இன்னொரு பெண்ணையோ, ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அருட்சகோதரியையோ தேடிக்கொள்வது நல்லது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல பேர் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீளமாகப் பேசவேண்டாம். “எனக்கு ஒரு பழக்கம் இருக்குண்ணே, போன்ல தப்பான படம் பாக்கிறேன், விட முடியலை. வாரம் ஒரு தடவை என்னைக் கேக்கணும்.” இவ்வளவு போதும். என்ன படம், எப்படி என்ற விவரம் வேண்டாம். அவருக்கும் கண் இருக்கிறது.

மறைமுகச் செலவும் உண்டு. நண்பன் கல்யாணமாகித் திருப்பூர் போய்விடலாம். சண்டை வரலாம். நாள் போகப் போகப் பொய் சொல்லவும் வரும். “இந்த வாரம் பரவாயில்லை” என்ற வரியை நானே வாழ்க்கையில் பல தடவை சொல்லியிருக்கிறேன், வேறு விஷயங்களுக்கு.

## வழி 4: போனுக்கு வேலி

இதை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில், ஆபாசத் தளங்களைத் திறக்கவிடாத குடும்ப வடிகட்டி ஒன்றைப் போடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இதை இலவசமாகத் தருகிறது. வீட்டு வைஃபை ரவுட்டருக்கு 1.1.1.3 என்ற எண்ணே போதும். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் தடை வைக்கலாம், கடவுச்சொல்லை வேறொருவர் போடவேண்டும். நீங்களே போட்ட கடவுச்சொல் சொந்த வீட்டுச் சாவி மாதிரி, எங்கே ஒளித்தாலும் கை தானாகப் போகும். கவனன்ட் ஐஸ் என்று ஒரு செயலி, நீங்கள் பார்ப்பதை நண்பருக்கு அறிக்கையாக அனுப்பும். யோபு தன் கண்களோடு செய்த உடன்படிக்கையிலிருந்து (31:1) எடுத்த பெயர். அதற்கு மாதச் சந்தா உண்டு.

அரசும் ஒரு வேலி போட்டுப் பார்த்தது. 2018இல் 827 தளங்களை முடக்கச் சொல்லி நெட்வொர்க் நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. பார்க்க நினைத்தவர்கள் வேறு வழியில் புகுந்தார்கள். உங்கள் வடிகட்டிக்கும் அதே கதிதான்: தடையைச் சுற்றிப் போகவைக்கும் விபிஎன் செயலி போட்டால் தாண்டிவிடலாம், இன்ஸ்டா ரீல்ஸையும் டெலிகிராமையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எதற்கு? இரண்டு நிமிடத் தாமதத்துக்கு. பதினொரு மணிக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய விஷயம். போத்திபாரின் மனைவி இழுத்தபோது யோசேப்பு மேலாடையை விட்டுவிட்டு ஓடினான். நின்று விவாதம் செய்யவில்லை. சார்ஜரைப் படுக்கைப் பக்கத்திலிருந்து எடுத்து முகப்பில் மாட்டினால், எந்தச் செயலியையும்விட அது அதிகம் காப்பாற்றும். மற்ற வழிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இது முள்வேலி மட்டும்தான், ஆடு நினைத்தால் தாண்டும்.

## வழி 5: மனநல மருத்துவர்

“விசுவாசி டாக்டரிடம் போகலாமா?” சர்க்கரைக்குப் போகிறோமே, அதுபோலத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது, உந்துதலை அடக்க முடியாமை என்ற வகையில். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: “இது தப்பு” என்ற தார்மீக உறுத்தலால் மட்டுமே வரும் வேதனையை இந்தக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. விசுவாசிகளுக்கு இந்த வரி மிக முக்கியம். மாதம் ஒரு தடவை விழுந்து மனம் நொந்துபோகிறவர் நோயாளி அல்ல. அவருக்கு வேண்டியது மன்னிப்பும் நண்பனும். வேலை கெட்டு, தூக்கம் கெட்டு, மணவாழ்க்கை ஆட்டம் கண்டு, பார்ப்பதில் சந்தோஷம்கூட இல்லாமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பவர் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அடியில் மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் நடக்கும். தற்கொலை நினைப்பு வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ், அரசு சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள்.

இரகசியத்துக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் காவல் உண்டு. செலவு என்று பார்த்தால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி. சில ஆலோசகர்கள் “இது எல்லாரும் பண்றதுதான், உங்க மதம்தான் பிரச்சினை” என்று கடந்துவிடுவார்கள். முதல் சந்திப்பிலேயே “என் விசுவாசத்தை விடாமல் இதை விட விரும்புகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். நல்லவர் அதை மதிப்பார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து, நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். பயத்துக்கு விலை போட்டு விற்கிறார்கள்.

ஒன்று மட்டும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே. குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சென்னையில் தொடங்கிய வழக்குதான் அது. அந்தப் பக்கம் மனம் இழுத்தால் ஜெபம், நண்பன் என்று வரிசை பார்க்காதீர்கள், முதலில் மருத்துவர்.

## மனைவியிடம் சொல்லலாமா?

சொல்லவேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் முதல் ஆளாக அல்ல. குருவிடமோ நண்பனிடமோ சொல்லி, இரண்டு மூன்று மாதம் நடந்து காட்டிவிட்டு, அப்புறம். விவரம் சொல்லி அவர் மனதில் படம் வரையாதீர்கள். முக்கியமாக, அவரைப் போலீஸாக்காதீர்கள். தினமும் புருஷன் போனைத் திறந்து பார்க்கிற வேலையை எந்தப் பெண்ணும் கல்யாணத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டால் மட்டும் இந்த வரிசை செல்லாது; அன்றே முழு உண்மை.

## யாருக்கு எது

விடுதியில் இருக்கும் கல்லூரி மாணவனுக்கு 3 முதலில், 2 அடுத்து. கல்யாணமானவருக்கு 2, 3, பிறகு மனைவி. வெளிநாட்டில் தனி அறையில் இருப்பவருக்கு 4ஐ இன்றைக்கே போட்டுவிட்டு, ஊரில் ஒரு நண்பனிடம் வாராவாரம் போனில் பேசுவது. ஐந்தாவது வழி தேவைப்படுகிறவருக்கு மேலே சொன்ன அடையாளங்களே போதும்.

அந்தக் காவல்காரத் தம்பி 3ஐயும் 4ஐயும் கலந்து எடுத்துக்கொண்டான். ஒன்பதரைக்குப் பெரிய போனை எதிர் டீக்கடையில் சார்ஜ் போடக் கொடுத்துவிடுகிறான். கடைக்காரருக்குக் காரணம் தெரியாது. வீட்டுக்காரர்கள் கூப்பிட ஒரு பட்டன் போன் மட்டும் கையில். பத்தரைக்கு அந்தப் போனில் ஆட்டோ ஓட்டும் நண்பன் கூப்பிடுவான். போன மாதம் இரண்டு நாள் டீக்கடை சீக்கிரமே அடைத்துவிட்டது. அதில் ஒரு நாள் விழுந்துவிட்டான். காலையில் அவனே நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னான். நண்பன், “சரி, சாயங்காலம் கடைக்காரர்கிட்ட என்னைக்கெல்லாம் சீக்கிரம் அடைப்பீங்கன்னு கேட்டு வை” என்றானாம்.